கோடாலியைக் கூராக்கிய கதை

கோடாலியை இழுத்தேன். கட்டையும் கூடவே வந்தது.

வேப்பங்கட்டை. முழங்கால் உயரம், இரண்டு கைகளாலும் கட்டிப் பிடிக்கிற அகலம். அதன் உச்சியில் நான் இறக்கிய கோடாலி மூன்று விரற்கடை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒரு காலைக் கட்டையின்மேல் ஊன்றி இழுத்தேன். காம்பை மேலும் கீழும் ஆட்டினேன். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டையோடு சேர்த்தே தூக்கப் பார்த்தேன். ஒரு சாண் எழும்பியது. பிறகு அது ஒரு பக்கம் சாய, நானும் அதே பக்கம் சாய்ந்து ஈர மண்ணில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். தலையில் மஞ்சள் ஹெல்மெட். கண்ணில் கம்பெனிக் கண்ணாடி. கையில் தோல் உறை. காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. இடுப்பில் லுங்கி.

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி கலா, நைட்டியின்மேல் போட்டிருந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே போய்ச் சிரித்தது வெளியே நன்றாகவே கேட்டது.

என் அப்பா சிரிக்கவில்லை. எங்கள் ஆரம்பாக்கம் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலைமுடி ஈரமாக இருந்தது. எழுபத்தெட்டு வயது, இளைப்பு உள்ள உடம்பு, மார்கழி மாதம். அன்று காலை அவர் பச்சைத் தண்ணீரில் குளித்திருந்தார். அதற்குக் காரணம் நான்தான்.

கூர்தான் என் பிழைப்பு

போன வாரம் இந்தப் பத்தியில், நைனா என்னை ஐ.டி.ஐ.யில் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர், அங்கே படித்தது வாழ்க்கையில் எங்கேயாவது உதவாமல் போனதா என்று கேட்டிருக்கிறார். போயிருக்கிறது ஐயா. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். இரும்பைச் சீவுகிற கட்டர், துளை போடுகிற டிரில் எல்லாம் மழுங்கினால் என்னிடம் வரும். கிரைண்டரில் பிடித்துக் கூர் வைத்து அனுப்புவேன். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூர் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் அவர் கையில் இருக்கிற டீ ஆறிப்போகும் வரை பேசுவேன். வீட்டில் இந்த விஷயத்தை யாரும் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவன் ஐம்பத்திரண்டு வயது வரை ஒரு விறகைப் பிளந்ததில்லை.

நைனா ஊருக்குள் நெல் வயல் வைத்திருந்த ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தவர். நடவு, அறுப்பு, மாடு, விறகு எல்லாவற்றுக்கும் அவர்தான். வயலைப் பற்றிக் கேட்டால் சொல்லுவார். எந்த மடையில் எப்படித் தண்ணீர் திருப்புவது, எந்த மாடு யாரை முட்டும் என்று ராகம் போட்டுச் சொல்லுவார். விறகைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, குடிசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த கோடாலியை எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். நைனா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். கோடாலி காலில் விழுந்துவிடும் என்ற பயத்தில் அடித்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு கட்டைகள்

தீபாவளி கழிந்த கையோடு ஒரு புயல் வந்ததே, அதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரம் சாய்ந்தது. நல்ல மரம். பாத்ரூமை இடிக்காமல் ஒதுங்கி விழுந்தது.

மிஷின் ரம்பத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். கிளைகளைக் கழித்து, அடிமரத்தைப் பதினொரு உருளைகளாக அறுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். பிளக்கிறது எங்க வேலையில்ல சார் என்றார்கள். ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்த நேரம் அது. அவர்களைக் கெஞ்சவும் முடியவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அறுத்த முகத்தில் வளையம் வளையமாக வரிகள். நாள் ஆக ஆக நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓட ஆரம்பித்தன. ஒரு கட்டையில் மூன்று வெடிப்பு, பக்கத்துக் கட்டையில் ஒன்றே ஒன்று. ஏன் அப்படி? வெடிப்பு இருக்கிற இடத்தில் அடிக்க வேண்டுமா, இல்லாத இடத்தில் அடிக்க வேண்டுமா? இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்து குடைய ஆரம்பித்துவிட்டது. பூரான் அண்டும், சீக்கிரம் இதை அப்புறப்படுத்து என்று கலா சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுவும் சாக்காகப் போயிற்று.

இன்னொரு சாக்கு நைனா. அவருக்கு கலா கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். அவருக்கு அது காணாது. பின்பக்கம் மூன்று கல் வைத்து ஒரு அண்டா நிறையக் காய வைத்தால் மனிதர் ஆசைதீரக் குளிப்பார் என்று வீட்டில் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அரைவாசிதான் உண்மை. மிச்சம் பாதி, கட்டை எப்படிப் பிளக்கிறது என்று பார்க்கிற ஆசை.

கோடாலிக்கு எஸ்தரிடம் போனேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் நாஷ்டா கடை போட்டிருக்கிறாள். இட்லியும் பூரியும் விறகடுப்பில்தான். தினமும் மத்தியானம் தன் வீட்டு வாசலில் நின்று சவுக்குக் கட்டையைத் தானே பிளப்பாள். நாற்பது வயது இருக்கும், என்னில் பாதி உடம்பு. இரண்டு நாளைக்குப் போதும் அளவு பிளந்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கொடுத்தாள்.

கோடாலியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா பார்த்துவிட்டார். இன்னாத்துக்கு என்று கேட்டார். விறகு பிளந்து உனக்கு வெந்நீர் வைக்கப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கோடாலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பொளந்த வெறகுல காஞ்ச தண்ணி எனக்கு வாணாம்" என்றார்.

மறுநாள் காலை கலா கேஸில் வைத்த வெந்நீரையும் அவர் தொடவில்லை. மாமா, இது கேஸ்ல வச்சதுதான் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். எதில் காய்ந்தது என்று தினமும் மோந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, எனக்கு வெந்நீரே வேண்டாம் என்றார். காரணத்தைச் சொல் நைனா, இப்போதே கோடாலியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் கேட்டேன். சொல்லவில்லை. பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகன் கோடாலி தூக்கினால் தெருவில் நாலு பேர் கேவலமாகப் பேசுவார்கள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடுவார் என்று விட்டுவிட்டேன். அவர் பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

ரயிலில் வந்த ஆயுதம்

எஸ்தரின் கோடாலியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சல். வாய்ப்பக்கம் மொத்தையாக, என் கட்டைவிரல் கனத்தில் உருண்டு கிடந்தது. பாவம், இதை வைத்துக்கொண்டா அந்தப் பெண் தினமும் மாரடிக்கிறாள்? நாம் தொழில் தெரிந்தவன், ஒரு உபகாரம் செய்வோம் என்று முடிவு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் செய்தால்தானே உபகாரம்.

சனிக்கிழமை காலை சூளூர்பேட்டையிலிருந்து வருகிற ரயிலில் ஏறினேன். கோடாலித் தலையைப் பழைய துண்டில் சுற்றியிருந்தேன். காம்பை எப்படி மறைப்பது? இத்தனை வருஷத்தில் அந்த ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். அன்று கிடைத்தது. இரண்டு பக்கமும் காலியாகவே இருந்தது.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, பதிவேட்டில் 'கோடாலி ஒன்று, சொந்த உபயோகம்' என்று எழுதினார். எழுதிவிட்டு, யார் மேலயாவது கோவமா சார் என்று ரகசியமாகக் கேட்டார். இல்லை என்றேன். இருந்தாலும் மேனேஜர் அறை இருக்கிற வழியில் போகாதீங்க என்று அனுப்பி வைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். இரும்பு சூடேறி நீலம் பாரித்தால் பதம் போய்விடும். அதனால் தொட்டுத் தொட்டு, தண்ணீரில் முக்கி முக்கி, இரண்டு பக்கமும் கனத்தைச் சீவி எடுத்தேன். மொத்தைக் கோடாலி மெலிந்து அழகானது. கடைசியில் எண்ணெய்க் கல்லில் இழைத்து, முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தேன். முடி வழுக்கிக்கொண்டு உதிர்ந்தது. டூல் ரூம் பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் கோடாலியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கை கால் கழுவப் போனேன். திரும்பி வரும்போது நைனா அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். கட்டைவிரலைக் கூரின் குறுக்கே வைத்து மெல்லத் தடவிப் பார்த்தார். நான் வருவதைக் கண்டதும் எழுந்தார். உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. அப்படியே உள்ளே போய்விட்டார். வேலைப்பாட்டை மெச்சுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மழுக்கக் கற்றுக்கொண்டேன்

மறுநாள்தான் நான் மண்ணில் உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. சுத்தியலால் தட்டித் தட்டிக் கோடாலியைக் கழற்றுவதற்கே கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது அடியும் அதே போல உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. மூன்றாவது அடி ஒரு கணுவின்மேல் விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். கோடாலியின் வாயிலிருந்து நகக்கண் அளவு துண்டு தெறித்துப் போனது.

அந்த நேரம் பார்த்து எஸ்தர், சாயங்காலம் வரை பொறுக்காமல், கோடாலியை வாங்க வந்தாள். கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே பண்ணி வச்சிக்கிற?" என்றாள். "கன்னத்த பூரா வழிச்சி எடுத்துட்டியே. இது கத்தியா? இது வெட்டுறதுக்கு இல்லண்ணே, பொளக்கிறதுக்கு. உள்ள பூந்து ரெண்டு பக்கமும் தள்ளணும். கன்னம் இருந்தாதான தள்ளும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு விளக்கு எரிந்ததையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக வெட்டுவதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். வெட்டுவது வேறு, பிளப்பது வேறு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வெட்டினால் கூர் போகிற தூரம்தான் இரும்பு விலகும். பிளந்தால், கோடாலியின் வாய் போய்ச் சேராத இடத்திலேயே மரம் தன் பாட்டுக்கு விரிந்துகொண்டு போகிறது. அப்படியானால் கூர் வழி திறந்து விடுகிறது, அவ்வளவுதான். வேலை செய்வதெல்லாம் வாய்க்கு மேலே இரண்டு பக்கமும் புடைத்திருக்கிற அந்த மொத்தைக் கன்னம். வெட்கத்தோடு வெட்கமாக இதையும் யோசித்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் நான் ஏதோ அதிர்ச்சியில் நிற்கிறேன் என்று நினைத்து, பரவால்ல உடுண்ணே என்றாள்.

எப்படி விடுவது? விடிந்தால் அவளுக்கு அடுப்பு எரிய வேண்டும். தெருமுனையில் இருக்கிற கிரில் பட்டறைக்கு இரண்டு பேரும் போனோம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த பட்டறையைக் கெஞ்சித் திறக்க வைத்து, உடைந்த இடம் மறைகிற வரை வாயைப் பின்னுக்குத் தேய்த்து, மறுபடியும் கன்னம் வைத்தேன். எஸ்தர் பக்கத்தில் நின்று விரலால் தடவித் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மழுங்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கருவியை வேண்டுமென்றே மழுக்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இனிமேல் என்னைக் கேட்காமல் இதைத் தொடாதே என்ற கட்டளையோடு, தன் வேலை முடிந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தாள். முதல் நாள் கூடவே வந்தாள். பச்சையாக இருக்கும்போதே பிளந்திருக்க வேண்டும், காய விட்டால் வேம்பு கல்லாகிவிடும் என்றாள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாள். கண்ணாடியை மட்டும் விட்டுவைத்தாள்.

நடுவில் அடிக்காதே, ஓரத்திலிருந்து வா. ஏற்கெனவே வெடித்திருக்கிற இடத்தைப் பார், கட்டையே உனக்கு வழி காட்டும். கணு இருக்கிற பக்கம் போகாதே. கோடாலியைப் பார்க்காதே, விழ வேண்டிய இடத்தைப் பார். பலத்தைக் காட்டாதே, தூக்கிவிட்டு அதன் கனத்தில் விழ விடு. இவ்வளவுதான் அவள் பாடம். சொல்லிக்கொண்டே ஒரு அடி போட்டாள். ஓரத்திலிருந்து ஒரு பலகை கழன்று விழுந்தது. விழும்போது ஒரு சிம்பு தெறித்து அவள் முகத்தில் பட, அந்தக் கண்ணாடியை எனக்கும் ஒண்ணு கொண்டாந்து குடுண்ணே என்றாள். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தேன்.

என் முதல் கட்டை ஏழாவது அடியில் பிளந்தது. டப் என்று வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஆறாவது அடியிலேயே உள்ளே கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம் ஓடியது. அதைக் கேட்ட பிறகு ஏழாவது அடிக்கு வேலையே இல்லை. இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. உள்ளே ஓரம் வெளுப்பு, நடுவில் செம்பழுப்பு. கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. அதுவரை யாருமே பார்க்காத ஒரு இடத்தை நான் பார்க்கிறேன் என்ற நினைப்பில் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றேன்.

அப்புறம் ஒவ்வொரு கட்டையும் ஒரு பொட்டலம் பிரிப்பது போலத்தான். ஒன்றுக்குள் எறும்பு போட்ட பாதை. இன்னொன்றில் துணி உலர்த்தும் கயிறு கட்ட யாரோ எப்போதோ அடித்த ஆணி, மரம் அதை முழுங்கி மூன்று விரற்கடை உள்ளே வைத்திருந்தது. இன்றைக்கு என்ன கிடைத்தது என்று கலாவே வந்து கேட்க ஆரம்பித்தாள்.

பச்சைத் தண்ணீர்

நைனா இரண்டு நாளில் சரியாகவில்லை. ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் போயிற்று. காலையில் பனி இறங்கும். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போவார். சொம்புத் தண்ணீர் முதுகில் விழும்போது ஹூம் என்று அவர் மூச்சை இழுக்கிற சத்தம் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. பஃப் மருந்தை ஒன்றுக்கு இரண்டாக இழுத்தும் பேச மூச்சு போதவில்லை.

அப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு பேஜாரு என்று கலா இருவரையும் பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம், எட்டாவது கட்டையைப் பிளந்து முடித்து நான் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மாமாவுக்கு எதுனா ஒண்ணு ஆயிடுச்சின்னா இந்த வெறகு இன்னாத்துக்கு ஆவும்னு யோசிச்சிப் பாத்தியா?" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அடுக்கியிருந்த விறகைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த நிமிஷமே கோடாலியைக் கொண்டுபோய் எஸ்தரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நைனா தன் நாற்காலியிலிருந்து அதைப் பார்த்தார்.

மறுநாளும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். கோடாலி போய்விட்டதே நைனா, இன்னும் ஏன் என்று கேட்டேன். அடுக்கைக் கையால் காட்டிவிட்டு இருமிக்கொண்டே போய்விட்டார். அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தெருவில் யார் என்ன சொல்வார்கள் என்பது இவர் பிரச்சினை இல்லை. வேறு ஏதோ இருக்கிறது.

பட்டையும் சிராயும்

இரண்டு நாள் கழித்து முதல் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் புகை. எட்டிப் பார்த்தால், நைனா மூன்று கல் அடுப்பின் முன்னால் குந்தியிருக்கிறார். அண்டாவில் தண்ணீர். பக்கத்தில் ஒரு கோணிப்பை.

பதினோரு மணியிலிருந்து தனியாகக் குந்திக் குந்திப் பொறுக்குகிறார், தான் கூப்பிட்டும் நிமிரவில்லை என்று கலா ரகசியமாகச் சொன்னாள். நான் விறகு பிளந்த இடத்தைச் சுற்றிச் சிதறிக் கிடந்த மரப்பட்டையும் சிராயும்தான் பை நிறைய இருந்தன. அதைத்தான் பிடி பிடியாக அள்ளி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். ஈரப் பட்டை எரியாமல் புகைந்தது. கண்ணில் நீர் வழிய ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்து, அடுக்கிலிருந்து இரண்டு நல்ல கட்டைகளை உருவிக்கொண்டு போனேன். இதை வை நைனா, சீக்கிரம் காயும் என்றேன். அவர் என் கையைத் தள்ளினார்.

"கட்டைய வையி. அது ஊட்டுக்காரங்களுது."

எந்த வீட்டுக்காரங்க என்று கேட்டேன். அவர் புகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக விறகைப் பற்றிச் சொன்னார். பெரிய வீட்டில் அதுதான் முறையாம். பிளக்கிறவனுக்குப் பட்டையும் சிராயும், கட்டை வீட்டுக்காரருக்கு. தினமும் காலையில் போய்ப் பிளந்து, அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் குளிக்க அண்டாவில் வெந்நீர் காய வைப்பார். வேலை முடிந்ததும் சிதறினதைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். அதில்தான் எங்கள் அம்மா கஞ்சி காய்ச்சினாள். வெந்நீர் வைக்கிற அளவுக்கு அது ஒரு நாளும் மிஞ்சியதில்லை. அந்த அண்டாவிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை அவர் தன்மேல் ஊற்றிக்கொண்டதும் இல்லை.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் குந்தினேன்.

"நைனா, இங்க ஊட்டுக்காரன் நீதான். பட்டாவே உன் பேர்லதான் கீது" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தன.

"நான் ஊட்டுக்காரன்னா, அப்ப நீ யாரு? எனக்குக் கூலிக்காரனா?"

நான் கோடாலி பிடிப்பது அவருக்குக் கேவலமாக இருக்கிறது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது இல்லை. யாரோ ஒருவன் குனிந்து நிமிர்ந்து பிளந்த விறகில் காய்ந்த தண்ணீரில், அந்தப் பெரிய வீட்டுக்காரரைப் போல உட்கார்ந்து குளிக்க அவரால் முடியவில்லை. அந்த ஒருவன் தன் மகனாகவும் இருந்துவிட்டால் எப்படி முடியும்? பத்து வயதில் என் முதுகில் விழுந்த அடியின் காரணமும் அப்போதுதான் புரிந்தது.

பட்டை எரிந்து தீர்ந்தது. அண்டாத் தண்ணீர் வெதுவெதுப்புக்குக்கூட வரவில்லை. கையை விட்டுப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. அவர் கேட்டதற்கு என்ன பதில் இருக்கிறது என்று சுற்றிச் சுற்றி யோசித்தேன். வாயால் சொல்லக்கூடிய பதில் எதுவும் அகப்படவில்லை.

மறுநாள் காலை அவருக்கு முன்னால் எழுந்தேன். அடுக்கிலிருந்து நல்ல கட்டைகளாகப் பார்த்து உருவி அடுப்பை மூட்டினேன். வேம்பு இன்னும் சரியாகக் காயவில்லை, கொஞ்சம் அழுதது, பிறகு பற்றிக்கொண்டது. அண்டா நிறையத் தண்ணீர் ஆவி பறக்கக் காய்ந்தது. நைனா கதவைத் திறந்துகொண்டு துண்டோடு வெளியே வந்தபோது, நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, அண்டாவிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு என் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் ஆவி.

அவர் குழாயடிக்குப் போகாமல் நின்றார்.

"பொளந்தவன் குளிக்கிறேன் நைனா" என்றேன்.

என்னைப் பார்த்தார். அடுப்பில் எரிகிற கட்டைகளைப் பார்த்தார். நான் பாட்டுக்கு இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.

நைனா அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சுவரோரம் போனார். அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளை உருவினார். நல்ல கனத்த கட்டைகள். கொண்டுவந்து அடுப்பில் தள்ளினார். துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"தள்ளிக் குந்து" என்றார்.

நான் சொம்பை அவரிடம் கொடுத்துவிட்டுக் கல்லில் தள்ளி உட்கார்ந்தேன்.